சைக்கிளின் பங்கு

சந்திரனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சைக்கிள் பித்து. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவி வாங்கும் சம்பளத்தில் பாதி அதற்கே போகும். இன்று மணி, நாளை விளக்கு, அடுத்த மாதம் கைப்பிடிக்கு வண்ணக் குஞ்சம். "கட்டுனவளுக்கு மாத்துப் புடவ இல்ல, சைக்கிளுக்குக் குஞ்சம் கேக்குதா?" என்று நீலாவதி சண்டை பிடிக்காத சம்பள நாளே கிடையாது.

ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரத் துரை ஓடினார், தோட்டத்து ரப்பரை வாங்க ஆளில்லை. அப்போது அந்தச் சைக்கிள்தான் குடும்பத்தைத் தாங்கியது. லயத்து வீட்டுக்குப் பின்னால் விளைந்த மரவள்ளியைச் சி ரூசா கடற்கரைக்குக் கொண்டுபோவான். அங்கே கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுப்பவர்களிடம் கிழங்கைக் கொடுத்து உப்பு வாங்கி, உள்தோட்டங்களில் அரிசிக்கு மாற்றிக்கொண்டு வருவான்.

ஒருநாள் பின்டயர் கிழிந்தது. ஒட்டுப்போட இடமில்லாத டயர். சந்திரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"போர்டிக்சன் டவுன் கடையில பழைய டயர் ஒண்ணு இருக்கு, நீலா. ஜப்பான் நோட்ட கடைக்காரத் தவுக்கே தொடமாட்டேங்கிறாரு. அரிசியாக் கேக்குறாரு."

"எவ்வளவு?"

அவன் அடுக்குப்பானையைப் பார்த்தான். அதில் இருந்ததெல்லாம் மகள் செல்லத்தின் கஞ்சிக்கு வைத்தது. காய்ச்சலில் விழுந்து எழுந்த பிள்ளை. கிழங்கு வயிற்றில் தங்கவில்லை.

"டயர் வந்தா பத்து நாள்ல அரிசியத் திருப்பி எடுத்துறலாம்லா."

"அந்தப் பத்து நாள் புள்ள எதக் குடிக்கும்? அரிசில கை வைக்காதீங்க. சைக்கிள் திங்கிறத சைக்கிளே சம்பாதிக்கட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை அவள். கிழிந்த டயரைக் கழற்றச் சொல்லி, சக்கரத்தில் கயிற்றை இறுக்கிச் சுற்றினாள். அதில் ஏறி ஓட்ட முடியாது. சுமை ஏற்றித் தள்ளலாம். பக்கத்து வீட்டு ராக்கம்மாவிடம் செல்லத்தை விட்டுவிட்டு, தலையில் ஒரு கூடைக் கிழங்கோடு அவளும் நடந்தாள். பால் வாளி தூக்கிப் பழகிய உடம்புதான். ஆனாலும் முதல் நாள் திரும்பி வந்தபோது இருவரும் வாசலிலேயே சாய்ந்துவிட்டார்கள். பிறகு அவள் எழுந்து, கொண்டுவந்த உப்பில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளந்து தகர டின்னில் போட்டாள்.

"இது யாருக்கு?"

"சைக்கிளுக்கு. அதுவும் இந்த வீட்டுல ஒரு வாய்தானே."

டின் நிறைய வந்த சமயம் செல்லத்துக்கு மறுபடி காய்ச்சல் அடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. ரஹாங்கிலிருந்து வந்து போகும் ஒருவர் உப்புக்குக் கொய்னா மாத்திரை தருவதாக ராக்கம்மா சொன்னாள். நீலாவதி டின்னைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சைக்கிளைக் கண்ணாகப் பார்த்தவன். அத்தனை நாள் தள்ளியே கால் வெடித்துப்போயிருந்தான்.

சந்திரனே எழுந்து டின்னைத் தூக்கிக்கொண்டான்.

"சைக்கிள் கொஞ்ச நாள் பட்டினி கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

இத்தனை வருஷச் சண்டையும் அந்தக் கணத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

காய்ச்சல் இறங்கிப் பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். இந்த முறை நீலாவதி இரண்டு சிரட்டை போட்டாள். ஒன்று கூடுதலாக விழுந்ததைச் சந்திரன் கவனித்தான்.

"நம்ம பங்குலேருந்தா எடுக்குற?"

"என் தலைச்சுமைக்குக் கெடச்ச உப்பு. அத நான் என்னமும் செய்வேன்."

மழைக்காலம் பிறப்பதற்குள் டின் உப்பு அரிசியாக மாறி, அரிசிக்கு டயர் வந்தது. இரண்டு இடத்தில் தைத்த கிழட்டு டயர். சந்திரன் அதை மாட்டி, காற்றடித்து, லயத்தைச் சுற்றி ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தான். முகமெல்லாம் பல்.

"ஏறு, நீலா. இன்னிக்கு நடக்க வேணாம்."

கிழங்குக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். செம்மண் பாதை இறங்கிக் கடற்கரைச் சாலையில் சேர்ந்ததும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. நடந்து வந்தபோது இந்த இடத்தில் எப்போதும் மூச்சு வாங்கும். இன்று சிரிப்பு வந்தது.

"செயின் சத்தம் போடுது, கேக்குதா? கொஞ்சம் எண்ணெ கெடச்சா நல்லது" என்றான் சந்திரன் திரும்பாமலே.

"தேங்கா எண்ணெ இருக்கு. புள்ள தலைக்குத் தேச்சு மிஞ்சினா தாரேன்."

"மிஞ்சுமா?"

"நேராப் பாத்து மிதிங்க. மிஞ்ச வைக்கிறேன்."