சிக்ககொத்தூரில் மதியச் சாப்பாடு

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது பூபதிக்கும் வேலை போயிற்று. 2009ஆம் வருடம். தொரப்பள்ளிக்கு அப்பால் அவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ராகி, அவரை, வரப்போரம் மாமரங்கள். அதை நம்பி வாழ முடியாது என்றுதான் கம்பெனிக்கே போயிருந்தான்.

அவன் மனைவி சத்யப்ரியாதான் அந்த யோசனையைச் சொன்னாள். "பெங்களூர்காரங்க சனி, ஞாயிறானா காரை எடுத்துக்கிட்டு எங்கெங்கியோ போறாங்க. நம்ம தோட்டத்துக்கு வரட்டுமே. மாடு கறந்து பாக்கட்டும், களை புடுங்கிப் பாக்கட்டும், சாப்ட்டுட்டுப் போகட்டும்."

தோட்டத்துக்குள் ஓட்டு அறைகள் கட்டி, ரோட்டோரம் ஒரு போர்டு வைத்தார்கள். முதலில் வந்தது ஹரீஷ்குமார் என்ற சாஃப்ட்வேர்காரரின் குடும்பம். காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள், சோறு ஆறிப்போன பிறகுதான் திரும்பினார்கள்.

"சாரிங்க, எங்களுக்கு வயிறு ஃபுல்" என்றார் ஹரீஷ்குமார். "ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர்ல ஒரு அம்மா கூப்பிட்டு களி போட்டாங்க. அவரைக்கொட்டைக் குழம்பு! உங்க ஏற்பாடுதானே அது?"

பூபதி சிரித்தான். சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கம் இருப்பது சிக்ககொத்தூர். தொழிற்சாலை கட்டப்போவதாகச் சொல்லி யாரோ மொத்தமாக வாங்கிவிட்ட ஊர். ஜனங்கள் ஓசூரில் வாடகை வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தொழில் மந்தம் வந்ததும், வாங்கியவர்கள் கம்பி வேலியோடு நிறுத்திக்கொண்டார்கள். வீடுகள் பூட்டியபடி கிடந்தன.

"எப்படி இருந்தாங்க அந்த அம்மா?"

"குள்ளமா, சிவப்பா. கன்னடம் கலந்து பேசினாங்க. இடது மணிக்கட்டுல தீக்காயத் தழும்பு. செருப்பை வெளிய விட்டுட்டு வரச் சொல்லிக் கோவிச்சுக்கிட்டாங்க."

அது சிக்ககொத்தூரிலிருந்து போன கெம்பம்மா. செத்துப்போனவள் அல்ல. ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். போன மாதம்தான் சத்யப்ரியா அவளைச் சந்தையில் பார்த்துப் பேசியிருந்தாள்.

விருந்தாளிகள் கிளம்பியதும் இருவரும் வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்தார்கள். கெம்பம்மா வீட்டுப் பூட்டு துருவேறி, கதவோடு ஒட்டிப்போயிருந்தது. வாசலில் முள்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதன் ஒரு கிளைகூட ஒடியவில்லை. சத்யப்ரியா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அடுப்பில் ஒட்டடை. தரையில், தூசியின் மேல், மஞ்சள் நிறத்தில் ஒரு ஹேர்கிளிப் கிடந்தது. ஹரீஷ்குமாரின் மகள் காலையில் தலையில் குத்தியிருந்தது.

அடுத்தடுத்து வந்தவர்களும் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பேச்சு பரவியது. "அந்த வில்லேஜ் லஞ்ச் உண்டுதானே?" என்று கேட்டுக்கொண்டு போன் செய்தார்கள்.

"நமக்கு என்ன நஷ்டம்? ஜனம் சந்தோசமாத்தானே வருது?" என்றான் பூபதி. ஆனால் அவனும் மதிய நேரத்தில் ஏரிப்பக்கம் போவதை விட்டிருந்தான்.

சத்யப்ரியா பஸ் ஏறி ஓசூர் போனாள். கேன்டீன் பின்பக்கம் கெம்பம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றி, கண் குழிந்து, புடவை உடம்பில் நிற்காமல் இருந்தாள்.

"என்னாக்கா இப்படி ஆயிட்டே?"

"தூக்கம்தான் சத்யா" என்றாள் கெம்பம்மா. "மத்தியானம் பாத்திரம் கழுவிட்டு ஸ்டோர் ரூம் பின்னாடி செத்த நேரம் சாய்வேன். அப்படியே இழுத்துக்கினு போவுது. என் ஊட்லதான் இருக்கேன். யார் யாரோ வர்றாங்க, கார்காரங்க. பசின்னு நிக்கிறாங்க. களி கிண்டிப் போடறேன். ஷூவைப் போட்டுக்கினே உள்ள வராங்கம்மா, சொல்லிச் சொல்லிப் பாக்கறேன்." கைகளை நீட்டினாள். "மோந்து பாரு. இங்க கேஸ் அடுப்புதான்."

விறகுப் புகை வாசம் அடித்தது.

"முன்னெல்லாம் கூப்பிட்டா எழுந்துருவேன். நேத்து தண்ணி ஊத்தி எழுப்பினாங்களாம். ஒருநாள் எழுந்திருக்க மாட்டேன்னு தோணுது. அதுகூட பயமா இல்ல. அதான் பயம்."

வருகிறவர்கள் சாப்பிடச் சாப்பிட இவள் கரைந்துகொண்டிருக்கிறாள் என்று சத்யப்ரியாவுக்குப் புரிந்தது. "கிளம்புக்கா. எங்க தோட்டத்துக்கு வந்துடு. முழிச்சிக்கிட்டே சமை" என்றாள்.

மறுநாளே பூபதி போய் அவளைத் தோட்டத்து வேனில் அழைத்துவந்தான். அடுத்த ஞாயிறு, யாரும் ஏரிப்பக்கம் போகாதபடி விருந்தாளிகளை மாந்தோப்பில் உட்கார வைத்தார்கள். கெம்பம்மா அங்கேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். களியை உருட்டும்போது தலை நிமிர்ந்து ஏரியைப் பார்த்தாள். உருண்டையைக் கீழே வைத்தாள்.

சிக்ககொத்தூரிலிருந்து மெல்லிய புகை மேலே போய்க்கொண்டிருந்தது.

"வேணாம்க்கா" என்றான் பூபதி. அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். இருவரும் பின்னாலேயே போனார்கள். வெயில் கொளுத்தியது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. கெம்பம்மா முள்ளைக் கையால் விலக்கிக்கொண்டு போய், பூட்டிய கதவைத் தட்டினாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"யாரு?"

கெம்பம்மாவின் குரல். பக்கத்தில் நின்ற கெம்பம்மாவின் உதடு அசையவில்லை. பூபதி மனைவியின் கையைப் பிடித்தான்.

கெம்பம்மா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். குழந்தையிடம் பேசுவதுபோல் சொன்னாள்: "நான்தான்டி. வந்துட்டேன். இனிமே நான் பாத்துக்கறேன். நீ அடுப்பை அணைச்சிட்டுப் படு."

பிறகு உள்ளே தணலில் தண்ணீர் ஊற்றும் சீற்றம் கேட்டது. கதவிடுக்கு வழியே சாம்பல் வாசம் வந்தது. புகை நின்றுவிட்டது. கெம்பம்மா அங்கேயே உட்கார்ந்து சத்தமாக அழுதாள். சத்யப்ரியா அவள் முதுகைத் தடவியபடி இருந்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கெம்பம்மா தோட்டத்திலேயே தங்கினாள். உடம்பு தேறியது. அவள் கைச் சமையலுக்காகவே ஆட்கள் வந்தார்கள். துணைக்கு ஓசூரிலிருந்து அவள் ஊர்ப் பெண்கள் ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார்கள். தரிசாய்க் கிடந்த மேட்டில் பூபதி கூடுதலாக ராகி விதைத்தான்.

மழை முடிந்த ஒரு மதியம், புதிதாக வந்திருந்த விருந்தாளி, பிரியதர்ஷினி என்ற பெண், ஏரிப்பக்கமிருந்து ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அங்க புளியமரத்து வீட்ல ஒருத்தர் கயித்துக்கட்டில்ல உக்காந்திருக்கார். தண்ணி கேட்டேன். தர்றேன்னு தலையாட்டினார். ஆனா அவரால எழுந்திருக்கவே முடியல."

கெம்பம்மா கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "கரியப்பன், எங்க ஊர்க்காரன்தான். போச்சம்பள்ளி பக்கம் வாட்ச்மேனா இருக்கான். ராத்திரி முழிச்சிட்டு பகல்ல தூங்குவான்."

சத்யப்ரியா பூபதியைப் பார்த்தாள். போச்சம்பள்ளிக்குப் போக அவன் வேனை எடுக்கப் போனான்.