அப்பா படுத்திருக்கும் படம்

“அங்க வந்து நீ வாயைத் தொறக்கப்படாது, கேட்டியா? படிச்சவங்க சொன்னா தலையை ஆட்டிட்டு வந்துரணும்” என்று காலையில் செல்வகணேஷ் சொல்லியிருந்தான்.

“நீங்க ஆட்டுங்க. எனக்குக் கழுத்து சுளுக்கு” என்றாள் பகவதி.

பள்ளிக்கூட கவுன்சலர் ஷீனா மேடத்தின் முன்னால் உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வந்தது. அதற்குள் கணவன் இரண்டு முறை தலையாட்டிவிட்டான். தம்பானூர் ஓட்டலில் ராத்திரி முழுக்கப் புரோட்டா போட்டுவிட்டு வந்தவன். ராத்திரி டூட்டிக்கு மாறி மூன்று வருஷமாயிற்று. அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. நின்று நின்று வீங்கிய அவன் காலைப் பார்த்ததும் அதை விழுங்கிவிடுவாள்.

மேடம் ஒரு தாளைச் சாமி படம் மாதிரி பயபக்தியோடு நகர்த்தினார். அவர்கள் மகள், மூன்றாம் வகுப்பு அனுஷா வரைந்த குடும்பப் படம். அம்மா நிற்கிறாள், பிள்ளை நிற்கிறது. அப்பா மட்டும் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறார். கண் மூடியிருக்கிறது. கை இல்லை.

“குட்டிக்கு அச்சன்மேல உள்ளுக்குள்ள கோபம் உண்டு. அச்சன் இல்லாம ஆகணும்னு ஒரு ஆசை. பர்சனாலிட்டி ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்” என்றார் மேடம், மலையாளம் கலந்த தமிழில்.

செல்வகணேஷுக்கு முகம் வெளுத்தது. அப்போதும் தலையாட்டினான்.

சுவர் நிறையச் சட்டம் போட்ட பட்டங்கள். அத்தனையும் வாங்கியவருக்கு ஒரு மனுஷன் தூங்குவது தெரியவில்லை!

“இது என்னன்னு பிள்ளைகிட்ட கேட்டீங்களா மேடம்?”

“அய்யோ, கேக்கக்கூடாது. டெஸ்ட் கெட்டுப்போகும்.”

“டெஸ்ட் கெடலை, எங்க வீட்டுப் பேருதான் கெட்டுது. அவரு உறங்குதாரு மேடம். கை போர்வைக்குள்ள இருக்கு.”

மேடம் பேனாவை எடுத்தார். திருத்தத்தான் போகிறார் என்று பகவதி நினைத்தாள். அவரோ ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி சேர்த்தார். “அம்மைக்கும் கொஞ்சம் டென்ஷன் உண்டு, அல்லே?”

வராந்தாவுக்கு வந்ததும் செல்வகணேஷ் மெல்லக் கேட்டான். “நெசமாவே பிள்ளைக்கு எம்மேல கோவமா இருக்குமோ?”

“அந்தம்மா மூஞ்சி! கோவப்பட அதுக்கு நேரம் ஏது? அது ஸ்கூலுக்குப் போகையில படுத்திருக்கீங்க. அது வருமுன்ன கெளம்பிருதீங்க. ஞாயித்துக்கெழமையும் உறக்கம். முழிச்சிருக்க அப்பனை அது எங்க பாத்துச்சு, வரையதுக்கு?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. மேடத்தின் மேல் இருந்த இளக்காரம் அத்தோடு நின்றுபோனது. அவன் கால் வீங்கித்தான் இருந்தது. இந்தத் தடவை அவள் காலைப் பார்க்கவில்லை.

“முதலாளிகிட்ட பகல் டூட்டி கேளுங்க” என்றாள்.