முப்பத்தேழு நாள் தொங்கிய பலகை

எங்கள் ஊர் வேட்டைச் சங்கத்தில் பலகை மாட்டுவது என் வேலை. வேட்டை நோட்டு எழுதுவதும் நான்தான். மொத்தம் பதினான்கு பலகைகள். மஞ்சள் தகரத்தில் சிவப்பாக 'வேட்டை நடக்கிறது' என்று எழுதியிருக்கும். வேட்டை நாளன்று காலையில் போர்ன் காட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு பாதையின் வாயிலும் ஒன்றை மாட்ட வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

அக்டோபர் ஐந்தாம் தேதி மாட்டினேன். அன்று சாயங்காலம் நல்ல மழை, எனக்கு முட்டி வலி வேறு. அடுத்த ஞாயிறும் இதே பதினான்கு மரத்துக்கும் வரத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரமும் விட்டேன். சங்கத்தில் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டது கொரலி மட்டும்தான்.

கொரலி மூன்று வருஷத்துக்கு முன்னால் லியோன் நகரத்திலிருந்து வந்தவள். ஆற்றோரம் இடிந்து கிடந்த மாட்டுக் கொட்டகையை வாங்கி, சைக்கிள்காரர்கள் தங்குவதற்கு ஐந்து அறை கட்டினாள். மரம் வெட்டுகிறவர்கள் போன பழைய தடம், வயலுக்கு நடுவில் போகிற ஊர்ப்பாதை எல்லாவற்றையும் கோத்து அறுபது கிலோமீட்டருக்குச் சரளைப் பாதை ஒன்றைக் கண்டுபிடித்தாள். அந்த அறுபதிலும் ஒரு கார்கூட எதிரே வராது. அதுதான் அவள் வியாபாரமே. பெல்ஜியத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்தக் கல்லில் குலுங்கிவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். மாடுகூட நடக்க யோசிக்கிற தடத்துக்கு இவ்வளவு கிராக்கியா என்று நாங்கள் சிரிப்போம்.

ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கும். என்னிடம்தான் முட்டை வாங்குவாள். அவள் மகள் நினோனுக்கு இரண்டரை வயது. மத்தியானம் அந்தப் பிள்ளை கட்டிலில் படுத்துத் தூங்காது. சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துப் போகிற குழந்தை வண்டியில் வைத்துச் சரளையில் ஒரு சுற்றுக் குலுக்கினால்தான் தூங்கும். தினமும் மூன்று மணிக்கு என் வீட்டைத் தாண்டிப் போவார்கள். செப்டம்பரில் ஒருநாள், செத்துப்போன என் நாய் மிராவின் கழுத்து மணியை நினோனிடம் கொடுத்தேன். அவள் அதை வண்டி முன்னால் கட்டச் சொல்லி அழுது, கட்ட வைத்தாள். அதன்பிறகு அவர்கள் வருவது வளைவிலேயே கேட்கும்.

அக்டோபர் கடைசியில் கொரலி என் வாசலில் வந்து நின்றாள். கையில் என் பலகை ஒன்று.

"கிஸ்லேன், இன்னைக்குப் புதன்கிழமை. காட்டுல யாரு வேட்டையாடுறா? ஆந்தையா?"

"தொங்கிட்டுப் போகட்டுமே. உன்கிட்ட சோறா கேக்குது?"

"தினமும் தொங்குனா யாரு அதைப் பாப்பா? வர்றவங்க முதல் நாள் பயப்படுறாங்க, ரெண்டாம் நாள் சிரிக்கிறாங்க. நெசமாவே நீங்க சுடுற அன்னைக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயிறுன்னா வேட்டை. இது ஊருக்கே தெரியும். லியோன்காரங்களுக்குத்தான் தெரியாது."

லியோன் என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. பலகையைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வீம்பு. அன்றே குறடும் கம்பியும் எடுத்துப் போய், மேட்டுச் சந்தியில் இருக்கிற ஓக் மரத்தில் அந்தப் பலகையை ஆறு முறுக்கு முறுக்கிக் கட்டினேன். இனி எவளாவது கழற்றட்டும் பார்க்கலாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

நவம்பர் பதினொன்று செவ்வாய்க்கிழமை. முதல் உலகப் போர் நின்ற நாள். அன்று காலையில் எங்கள் ஊரில் யாரும் துப்பாக்கியைத் தொடமாட்டார்கள். பதினோரு மணிக்கு எல்லாரும் நினைவுத்தூணைச் சுற்றி நின்றோம். போரில் செத்தவர்களின் பெயர்களை மேயர் படித்தார். பிறகு ஊர் மண்டபத்தில் வெள்ளை ஒயினும் சீஸ் உருண்டையும் கொடுத்தார்கள். கொரலியும் வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரம் என்று பன்னிரண்டுக்கே கிளம்பிப் போனாள்.

அவள் போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான் அஷில் பேச்சை எடுத்தார். எழுபத்தெட்டு வயது, எங்கள் எல்லாருக்கும் மூத்த வேட்டைக்காரர்.

"ராத்திரியோட ராத்திரியா என் புல்வெளி மொத்தத்தையும் உழுது போட்டுட்டுப் போயிருக்கு. பதினாறு காட்டுப்பன்னி. தடம் போர்னுக்குள்ள போகுது, வெளிய வரல. இன்னும் அங்கேதான் படுத்திருக்கு."

சங்கத் தலைவர் ரெஜிஸ், என் கணவரின் தம்பி, கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப ஞாயிறு வரைக்கும் அதுங்க காத்திருக்குமா? ரெண்டு மணிக்கு ஒரு சுத்து விரட்டிப் பாத்துடலாம். அண்ணி, பலகை?"

"எல்லாம் மாட்டித்தான் இருக்கு."

"பாத்தீங்களாடா! அண்ணின்னா அண்ணிதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு மணிக்குப் பதினொரு பேர் சேர்ந்தோம். ரெஜிஸ் வழக்கம்போல விதிகளை வாசித்தான். எதைச் சுடுகிறோம் என்று முழுசாகப் பார்க்காமல் சுடக் கூடாது. தலைவர் கொம்பில் மூன்று நீண்ட ஊதல் ஊதினால் வேட்டை முடிந்தது, துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும். அதுவரை யாரும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. இதில் கடைசி விதியை மீறினவனை அடுத்த வருஷம் எங்கள் சங்கத்தில் திரும்பச் சேர்ப்பதில்லை.

என் இடம் காட்டோரம், சரளைப் பாதையைப் பார்த்தபடி. பாதைக்கு அந்தப் பக்கம் ஆள் உயர மண்மேடு. காட்டுக்குள்ளிருந்து பன்றி வந்து பாதையைத் தாண்டும்போது சுட்டால் குண்டு மேட்டில் போய்ப் புதையும். எனக்கு எழுபது மீட்டர் மேலே அதே பாதையோரம் அஷில் நின்றார். அவருக்கும் மேலே சந்தி, நான் பலகை கட்டிய ஓக் மரம். அஷில் இருக்கிற பக்கம் சுடக் கூடாத எல்லையைப் பக்கவாட்டில் ஐந்து அடி, அங்கிருந்து முன்னால் மூன்று அடி என்று காலால் அளந்து குச்சி நட்டேன். இதிலெல்லாம் நான் ரொம்பக் கவனம்.

அஷில் காது மிஷின்களைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டு மூடுவது தெரிந்தது. வெடிச் சத்தம் மிஷினில் கேட்டால் மண்டை பிளக்கிறதாம். அவர் எப்போதும் அப்படித்தான்.

பனிமூட்டம் இறங்க ஆரம்பித்தது. தொடக்க ஊதல் கேட்டது. கீழே பள்ளத்திலிருந்து நாய்களை அவிழ்த்தார்கள். பத்து நிமிஷத்தில் அவை பன்றியைக் கிளப்பிவிட்டன. குரைப்பு மேல்நோக்கி எங்கள் பக்கமாகவே வந்தது. துப்பாக்கியை நெஞ்சோடு பிடித்தேன்.

அப்போது மேலே மணிச்சத்தம் கேட்டது.

நாய் என்றுதான் நினைத்தேன். எங்கள் நாய்களுக்கெல்லாம் கழுத்தில் மணி உண்டு. ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டது, கெட்டிக்காரக் கழுதை என்று மனசுக்குள் பாராட்டினேன். ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. ஓடுகிற நாயின் மணி விட்டுவிட்டுக் கேட்கும். இது ஒரே சீராகக் கேட்டது. அந்தக் குரல் எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம். அது மிராவின் மணி.

மணி மூன்று தாண்டியிருந்தது.

கொம்பை எடுத்து ஊதினேன். மூன்று நீண்ட ஊதல். திரும்பவும் மூன்று. கீழே இருந்தவர்கள் பதிலுக்கு ஊதினார்கள். நாய்களுக்கு அது புரியுமா, அவை குரைத்துக்கொண்டே வந்தன. அஷில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரணிச் செடிகளுக்கு நடுவில் காட்டையே பார்த்து நின்றார்.

தோட்டாக்களை உருவிப் போட்டேன். துப்பாக்கியை மரத்தில் சாய்த்தேன். இடத்தை விட்டுப் பாதையில் இறங்கி மேல்நோக்கி ஓடினேன்.

"அஷில்! சுடாதீங்க! அஷில்!"

சந்திக்குக் கீழே சரளை மழையில் அரித்துப்போயிருந்தது. கொரலி இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். மேட்டிலிருந்து முள்ளிலைப் புதர் பாதைமேல் கவிந்து தொங்கும் இடம் அது. அவளுடைய இடுப்புக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவள் கால்களையும் சக்கரங்களையும் பெரணி மறைத்திருந்தது. அஷில் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சேறு படிந்த கறுப்புத் துணி மூடிய, முழங்கால் உயர, மெதுவாக நகர்கிற ஒரு முதுகு. நினோனின் வண்டி.

அஷில் அந்தப் பக்கம் திரும்பினார். துப்பாக்கி தோளுக்கு ஏறியது.

ஐம்பத்தொன்பது வயதில் ஏற்றத்தில் சரளையில் ஓடுவது ஓட்டமே இல்லை. கால் பின்னால் வழுக்கியது. ஒருமுறை கையூன்றி விழுந்து எழுந்தேன். அவருடைய கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்ததைப் பார்த்தேன். விரல் மடங்கியதையும் பார்த்தேன். நினோன் செத்தாள் என்று நினைத்தேன். அதை வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெடிக்கவில்லை.

அஷில் முகத்தைச் சுளித்துத் துப்பாக்கியைத் தாழ்த்தினார். அதன்மேல் குனிந்து எதையோ கட்டைவிரலால் தள்ளினார். மறுபடி தூக்கினார். அதற்குள் நான் அவருக்கும் வண்டிக்கும் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டேன், ஆரஞ்சுச் சட்டையும் சேறுமாக. துப்பாக்கி வாய் என் வயிற்றைப் பார்த்தது. பிறகு மெல்ல வானத்தைப் பார்த்தது.

எனக்குப் பின்னால் மணி நின்றது.

திரும்பினேன். பயம் முழுக்கக் கோபமாகத்தான் வாயில் வந்தது. "பலகையப் பாக்கலையா நீ? கண்ணு எங்க வெச்சிருந்த?"

கொரலி புதருக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் அஷிலைப் பார்த்தாள், அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"பாத்தேன்," என்றாள். "நேத்தும் பாத்தேன். முந்தாநாளும் பாத்தேன். தினமும்தான் பாக்குறேன்."

வண்டித் துணிக்குள்ளிருந்து நினோன் தூக்கக் கலக்கத்தில் கேட்டாள்: "அம்மா, ஏன் குலுங்கல?"

கொரலி சைக்கிளைத் திருப்பவே சிரமப்பட்டாள். உதவிக்கு நான் கை நீட்டினேன். "தொடாதீங்க, மேடம்," என்றாள். மூன்று வருஷத்தில் அன்றுதான் என்னை முதல்முறை மேடம் என்று கூப்பிட்டாள்.

அவள் மேலே போனபிறகு அஷில் அருகில் வந்தார். காது மிஷினை மாட்ட முயன்று மாட்ட முடியாமல் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இழுத்துட்டேன், பொண்ணே," என்றார். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல். "பன்னிக்குட்டின்னு நெனச்சு இழுத்துட்டேன். விசைப் பூட்டு போட்டிருந்துச்சு. எடுக்க மறந்துட்டேன். அறுபது வருஷத்துல ஒருநாள்கூட மறந்ததில்ல."

அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டார். பன்றிகள் எங்களுக்கு இருபது மீட்டர் கீழே பாதையைத் தாண்டிப் போயின. எண்ணக்கூட இல்லை.

சங்கக் கொட்டகையில் யாரும் ஒயின் பாட்டிலைத் திறக்கவில்லை. ரெஜிஸ் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான்.

"நம்ம மேல தப்பில்ல. பலகை இருந்துச்சு. அதைத் தாண்டித்தானே உள்ள வந்தா? நாளைக்கு அவ போலீஸ்கிட்ட போனாலும் இதைத்தான் கேப்பாங்க. எழுதுங்க அண்ணி. எச்சரிக்கைப் பலகை இருந்தும் சைக்கிள்காரி மீறி நுழைந்தாள்."

நோட்டைத் திறந்தேன். அஷில் மூலையில் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"பலகை இருந்துச்சுதான்," என்றேன். "முப்பத்தேழு நாளா இருந்துச்சு."

"அண்ணி, இப்ப அதெல்லாம் எதுக்கு?"

"அவ வந்து சொன்னா. வாசல்ல நின்னு சொன்னா. நான் போய் ஆறு முறுக்கு போட்டேன்."

"எழுதிட்டா மாட்டிக்கப் போறது நீங்கதான். தெரியுதா?"

"தெரியுது."

எழுதினேன். எச்சரிக்கைப் பலகைகள் அக்டோபர் ஐந்து முதல் கழற்றப்படவில்லை, பொறுப்பு என்னுடையது. அதற்குக் கீழே இன்னொரு வரி: தலைவர் மூன்று ஊதல் ஊதுமுன் இடத்தை விட்டு நகர்ந்தேன். கையெழுத்துப் போட்டேன். அஷில் எழுந்து வந்து, பேனாவை வாங்கி, விசையை இழுத்ததைத் தன் கையாலேயே எழுதினார். ரெஜிஸ் இருவரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

வெளிச்சம் இருக்கும்போதே பதினான்கையும் கழற்றினேன். பதின்மூன்று கொக்கியோடு வந்துவிட்டன. ஓக் மரத்துக் கம்பிதான் வரவில்லை. நான் போட்ட முறுக்கை நானே அவிழ்க்க முடியாமல், குறடு வழுக்கி விரலைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் கம்பியை வெட்டித்தான் எடுத்தேன்.

அதற்கப்புறம் ஞாயிறு காலை மாட்டினேன், சாயங்காலம் கழற்றினேன். திங்கள், செவ்வாய், புதன் பாதை முழுக்க ஒரு பலகையும் இல்லை. மூன்று மணிக்கு ஜன்னலோரம் நிற்பேன். மணி கேட்காது. முட்டைக்கும் யாரும் வரவில்லை.

பத்தாவது நாள் பொறுக்கமாட்டாமல் துப்பாக்கியில்லாமல் சந்திக்கு நடந்து போய் ஓக் மரத்தடியில் நின்றேன். அன்று மணி கேட்டது. கொரலி வந்தாள். மரத்துக்கு நான்கு அடி முன்னால் சைக்கிளை நிறுத்தினாள். வெறும் மரத்தைப் பார்த்தாள். கம்பி அறுத்த தழும்பு பட்டையில் இன்னும் பச்சையாக இருந்தது.

"இன்னைக்கு இல்லையா?" என்றாள்.

"இல்ல. பலகை இல்லன்னா வேட்டை இல்ல. சத்தியமா."

என் முகத்தைப் பார்த்தாள். பாதை அவளுக்கு முன்னால் காலியாக, வெள்ளையாகக் கிடந்தது. நினோன் உள்ளேயிருந்து, "போலாம்மா, போலாம்," என்று காலை உதைத்தாள்.

கொரலி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கார்கள் போகிற தார்ச்சாலைப் பக்கம் போனாள். மணிச்சத்தம் வளைவு வரை கேட்டது.