செருப்பு: இல்லை

பிரிஸ்கில்லாவை எனக்கு வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எரிச்சலாகத்தான் வந்தது. நாலரை வருடம் ஒரே வகுப்பு. மெடிசினில் மெடல் வாங்கியவள் நான். அவள் தட்டுத்தடுமாறிப் பாஸானவள். ஹவுஸ் சர்ஜன்களைக் கிராமத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்பும்போது, முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் ஒரு புது ஏற்பாடு. அவள் என்னைவிட இரண்டு வாரம் முன்னால் போயிருந்தாள். அது ஒன்றுதான் அவளுடைய தகுதி.

உத்திரமேரூர் பக்கத்தில் இருந்த அந்த நிலையத்தில் செவ்வாய்க்கிழமை சர்க்கரை நோயாளிகளின் நாள். முதல் செவ்வாயே அவள் செய்த வேலையைப் பார்த்து முழித்தேன். ஒவ்வொருவருடைய பாதத்தையும் பார்த்து முடித்ததும் வாசலுக்குப் போனாள். அங்கே கிடந்த செருப்புக் குவியலில் அவருடையது எது என்று கேட்டு, கையுறை போட்ட கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

"இன்னாடி தேடற?"

"கால்ல உணர்ச்சி போனவங்களுக்கு செருப்புல கல்லு கீதா, முள்ளு கீதான்னு எப்டி தெரியும்? நம்ம கைதான் பாக்கணும்."

"அதான் புக்லயே கீதே."

"கீது. நீ கைய வுட்டியா?"

விடவில்லை. செருப்பைத் தட்டிப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, நோயாளி சீட்டில் 'செருப்பு: சரி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். கூச்சம் என்று சொன்னால் அது பொய். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்தச் செவ்வாயே முனிரத்தினம் என் மேஜைக்கு வந்தார். திருப்புலிவனத்தில் எங்கள் நிலத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வேலை செய்கிறவர். மற்ற மேஜை காலியாக இருந்தாலும் போகமாட்டார். "நம்ம பாப்பாகிட்டயே காட்டிக்கறேன்" என்பார். இடது கட்டைவிரலுக்கு அடியில் மிளகு அளவில் ஒரு புண். 'செருப்பு போடுவீர்களா' என்று கேட்டேன். "இல்ல பாப்பா, வெறுங்காலுதான்" என்றார். குவியலில் தேடும் வேலை மிச்சம் என்று சந்தோஷமாக 'செருப்பு: இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் புண் புளியங்கொட்டை அளவு ஆகியிருந்தது. மூன்றாவது வாரம் இன்னும் ஆழம். சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது. மருந்து சரி, கட்டும் சரி, நரம்பு மட்டும் உணர்ச்சி இழந்திருந்தது. ஏன் ஆறவில்லை என்று எனக்குப் புரியவில்லை. மெடிக்கல் ஆபீசர் பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் செங்கல்பட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான், விரலை எடுத்தாலும் எடுப்பார்கள் என்றார்.

"வெரலு போனா வரப்புல எப்டி பாப்பா நிப்பேன்?" என்று முனிரத்தினம் என்னைத்தான் கேட்டார்.

மெடலையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டேன். அவள் மூன்று வாரச் சீட்டையும் படித்தாள். தரையில் உட்கார்ந்து, புண் இல்லாத வலது காலைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். அவரை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"செருப்பு இல்லன்னு எழுதிகீற."

"அவரே சொன்னாருடி."

"மேல்பாதத்த பாத்தியா?"

பார்க்கவில்லை. மூன்று வாரமும் புண்ணை மட்டுமே பார்த்தேன்.

"ரெண்டு பாதத்துலயும் வெயிலு படாத கோடு கீது. செருப்பு வாரு தடம்."

எனக்குக் கோபம் வரவில்லை, அதிசயமாக இருந்தது. இதில் போய் ஒரு மனிதர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"உங்க வூட்டுக்கு வந்தா செருப்ப எங்க வுடுவாரு?" என்று கேட்டாள்.

யோசித்தேன். மாட்டுக் கொட்டகையில் முனிரத்தினம், களத்தில் முனிரத்தினம், நெல் மூட்டை சுமக்கும் முனிரத்தினம். இருபத்துமூன்று வருடமாகப் பார்க்கிறேன், எதிலும் அவர் காலில் செருப்பு இல்லை. அவருக்குச் செருப்பே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். அதனால்தான் அவர் சொன்னதும் உடனே நம்பினேன்.

"அவருகிட்ட கீதுடி. நீ இருக்கற எடத்துல போடமாட்டாரு" என்றாள் பிரிஸ்கில்லா. "எங்கம்மாவும் ராஜகுளத்துல அப்டிதான். நெலம் வச்சிகீற கயினிக்காரங்க வூட்டுக்கு வேலைக்குப் போனா தெரு மொனையிலயே கழட்டிடும்."

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

இரண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் போய்த் தேடினோம். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில், ஒரு செங்கல்லுக்குப் பின்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பிரிஸ்கில்லா கையைக் கட்டிக்கொண்டாள்.

"உன் பேஷண்டு."

கையுறை மாட்டிக்கொண்டு இடது செருப்பைத் தடவினேன். கட்டைவிரல் அழுந்தித் தேய்ந்த குழியில் சுருக்கென்றது. திருப்பிப் பார்த்தால், அடியில் சேறு அப்பிய ஆணித்தலை. தினமும் மைல் கணக்கில் அதை மிதித்து நடந்திருக்கிறார். நான் வாரம் ஒருமுறை புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டிருக்கிறேன். கட்டுப் போடும் ட்ரேயிலிருந்து இடுக்கியை எடுத்துவந்து ஆணியைப் பிடுங்கினேன்.

மாத்திரைப் பொட்டலத்தோடு வெளியே வந்த முனிரத்தினம், என் கையில் இருந்ததைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"வச்சுடுங்க பாப்பா. அதப் போய் தொட்டுகினு... யாராச்சும் பாத்தா உங்க நைனா காதுக்குப் போவும்."

"நைனாகிட்ட நானே சொல்றேன்" என்றேன். "இனிமே எங்க வூட்டுக்கு வரும்போதும் செருப்போடதான் வரணும். வெறுங்கால்ல நடந்தா வெரலு தங்காது."

"சரி பாப்பா."

எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவர் சொல்லும் அதே சரி. செருப்பை அவர் காலுக்கு முன்னால் வைத்தேன். அவர் போட்டுக்கொள்ளவில்லை. ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பிரிஸ்கில்லா என் முழங்கையைத் தொட்டாள்.

"நீ உள்ள போடி."

"அவரு போட்டுக்கறத பாத்துட்டுப் போறேன்."

"நீ நின்னுகினு இருந்தா அவரு போடமாட்டாரு."

திரும்பி நடந்தேன். என்ன நடக்கிறது என்று பார்க்கக் கழுத்து துடித்தது, ஆனாலும் பார்க்கவில்லை. படியேறும்போது பின்னால் ரப்பர் செருப்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் சரளமாக, அது ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.