பதினெட்டாவது புராணம்

ஊரடங்கு தொடங்கி நாற்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். பத்துக் கதவுகளும் மூடிக் கிடந்தன. கடைசி வீட்டில் நான் நடந்துகொண்டிருந்தேன். சுவரிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்கு. உட்கார முடியவில்லை.

முந்தாநாள் விடிகாலையில், லயத்துக்குப் பின்னால் முள்கம்பி வேலியின் அடியில், வாழையிலைத் துண்டு ஒன்றில் ஒரு பிடி சோறு இருந்ததைக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பார்த்தான். சோற்றில் கறுப்பாக ஏதோ கலந்திருந்ததாம். அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டில் பதுங்கியிருப்பவர்களுக்கு யாரோ மருந்து கலந்து வைத்த சோறு என்று வெள்ளைக்கார ஆபீசர் முடிவு செய்துவிட்டார். வைத்தவர் யார் என்பது மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பத்துக் குடும்பமும் லோரி ஏறித் தடுப்பு முகாமுக்குப் போக வேண்டும். கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் நல்லசாமிதான் அதைத் தமிழில் சொன்னார். அவரும் இதே லயத்தில் இருப்பவர். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தார்.

இன்றுதான் மூன்றாம் நாள்.

மதராஸில் பௌதிகம் படித்துவிட்டுக் கடல் கடந்து வந்து, கெர்லிங் ஊருக்கு அப்பால் இருக்கும் இந்த ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்குப் பேச வராது. நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் லயத்துச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. ஒரு வீட்டில் தும்மினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். யாரும் என்னைப் பார்க்காததால் எனக்குப் பேச வந்தது.

முதல் நாள் மண்டோர்தான் ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, பிள்ளைங்க அழுவுது, பொம்பளைங்க சண்டை போடுறாங்க. ஏதாச்சும் சாமி கதை சொல்லுங்களேன்."

"கதை சொல்ல வராது மண்டோர். நம்ம சாஸ்திரம் என்னென்ன, எதுல என்ன இருக்குன்னு வேணா சொல்றேன். பாடம் மாதிரி இருக்கும்."

"பாடமாவே இருக்கட்டும்லா. நாங்க எங்க ஓடப் போறோம்?"

வேதங்கள் நான்கு என்று தொடங்கினேன். நெடுங்காலம் எழுதாமல், ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டுக் காதிலேயே காப்பாற்றினார்கள் என்றேன்.

"இப்ப நாம கேக்குற மாதிரி," என்றார் மண்டோரின் மனைவி வள்ளியம்மா. "அவங்களையும் கம்பி வேலிக்குள்ள போட்டுப் பூட்டியிருந்தாங்களா என்னவோ."

மறுநாள் உபநிடதங்கள். அவற்றில் பாதி கேள்விகள் என்றேன். கேள்வி கேட்க ஆபீசரே போதும் என்றார்கள். இதிகாசம் இரண்டு என்றதும் பத்து வீடும் பேச ஆரம்பித்துவிட்டது. எனக்கு வேலையே இல்லை.

இன்று காலை யாரும் எதுவும் கேட்கவில்லை. சும்மா இருந்தால் லோரிச் சத்தத்துக்குக் காது நீண்டுகொண்டே போனது. நானாகவே புராணங்கள் பதினெட்டு என்று சொல்லி, பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

"ஒண்ணு கொறையுது டீச்சர்."

பக்கத்து வீட்டிலிருந்து புஷ்பவள்ளியின் குரல். பால்மரம் வெட்டுகிறவள். மூன்று வயதில் ஒரு மகள். புருஷன் இருசப்பன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாகான் நக்கோடா ஓமார் என்ற ஊர்ப் பக்கம் தென்னந்தோட்டத்தில் வேலை செய்கிறான் என்பாள். லயத்தில் யாரும் நம்பவில்லை. காட்டுக்குப் போய்விட்டான் என்றுதான் பேச்சு. போலீசும் இரண்டு முறை வந்து விசாரித்தது. அது மட்டும் உறுதியானால் அவளை நாட்டை விட்டே கப்பலேற்றிவிடுவார்கள். பிள்ளை என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது.

"விரல் விட்டு எண்ணுனேன். பதினேழுதான் வந்துச்சு," என்றாள்.

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். அந்தப் புராணத்தைச் சாவு வீட்டில் மட்டும்தான் வாசிப்பார்கள். மற்ற நாட்களில் அதன் பெயரைக்கூட எங்கள் ஆட்கள் சொல்வதில்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் வாய் அதைத் தாண்டிப் போயிருந்தது.

"அது வேணாங்க்கா."

"உங்கம்மா செத்தப்ப வாங்குனேன்னு சொன்னீங்களே, அந்தப் புஸ்தகம் பெட்டியில இருக்குல்ல? வாசிங்க. இன்னிக்கே வாசிங்க."

"ஏ புஷ்பம், கிறுக்கா புடிச்சிருக்கு?" வள்ளியம்மாவின் குரல் சீறியது. "சாவு விழாத லயத்துல அதை வாசிக்கிறதா? மத்தியானம் லோரி வரப் போவுது. இது ஒண்ணுதான் கொறச்சல்!"

"எனக்கு மட்டும் கேக்குற மாதிரி வாசிக்கட்டும்க்கா."

"இந்தச் சுவத்துலயா?"

எங்கோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"டீச்சர்," புஷ்பவள்ளி சுவரை ஒட்டி வந்துவிட்டாள். மூச்சுச் சத்தம் கேட்டது. "செத்தவங்க நடந்து போற வழி அதுல இருக்காமே?"

"இருக்கு."

"உடம்பத்தான் எரிச்சோ பொதைச்சோ போடுறோம். எதை வச்சு நடப்பாங்க?"

பாடம் சொல்கிறவளாகவே பதில் சொன்னேன். "தினம் ஒரு பிண்டம் வைப்பாங்க. முதல் நாள் பிண்டத்துல தலை வரும். அப்புறம் கழுத்து, தோள், நெஞ்சு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா புது உடம்பு கூடும்."

"காலு?"

"கடைசியிலதான். ஒன்பதாம் நாள்."

"நடுவுல பிண்டம் நின்னு போச்சுன்னா?"

அதற்குப் பதில் புத்தகத்தில் இருக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். பூட்டுச் சத்தம் வள்ளியம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

"டீச்சர், எடுக்காதீங்க! புஷ்பம், ஒம்புருஷன் உசுரோட இருக்கான்னு நீதானேடி சொல்ற? நெத்தியில குங்குமத்தை வச்சுக்கிட்டு அதைக் கேட்டா அவனுக்குத்தான் கேடு."

புஷ்பவள்ளியின் பிள்ளை தண்ணீர் கேட்டது. அவள் பானையிலிருந்து மொண்டு கொடுக்கும் சத்தம் வந்தது.

ரோட்டுத் திருப்பத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. அருகே வந்து, தோட்டத்து கேட்டில் நின்றது. நேரம் இருக்கிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"புஷ்பம்," மண்டோர் மெல்லக் கூப்பிட்டார். "ஒன்னைய அதட்டல. பச்சப்புள்ளைக்காரி மூணு பேரு இருக்காங்க இந்த லயத்துல. அந்தச் சோத்தை வச்சது நீயா?"

 நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கையில் புத்தகம் இருந்தது. ஏனோ அப்போது எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஞாபகம் வந்தது. ஒன்பது பத்து நாளுக்கு முன் எங்களை வரிசையில் நிற்க வைத்து, காட்டில் சுட்டுக் கொண்டுவந்து தார்ப்பாயில் கிடத்தியிருந்த ஓர் உடலைக் காட்டினார்கள். முகம் முகமாக இல்லை. தெரியுமா என்று கேட்டார்கள். எல்லோரும் தெரியாது என்றோம். எனக்கு முன்னால் நின்ற புஷ்பவள்ளி முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தெரியாது என்றாள்.

"நாந்தான் மண்டோரே."

"அட பாவி," என்றார் வள்ளியம்மா. "காட்டுல இருக்கவனுக்குச் சோறும் மருந்துமா போட்டு, எங்க எல்லாத்தையும்..."

"மருந்து இல்லக்கா. எள்ளு."

"எள்ளா?" என்றார் வள்ளியம்மா.

"தெனம் விடியறதுக்கு முந்தி வச்சேன். காக்கா எடுத்துட்டுப் போயிரும். அன்னிக்குக் காக்காவுக்கு முந்தி கான்ஸ்டபிள் வந்துட்டான். அப்புறம் கதவைத் தொறக்க விடல. காலு வரைக்கும் வரல டீச்சர்." அவள் குரல் இப்போது சுவருக்கு மேலே, லயம் முழுக்கக் கேட்கும்படி எழுந்தது. "நீங்க வாசிங்க. இது சாவு விழுந்த வீடுதான். அன்னிக்கு ஸ்டேஷன் வாசல்ல கெடந்தது என் புருஷன்."