இருபத்தைந்து மீட்டர்

ஏழாவது குண்டும் பாலத்தைத் தொடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். திரையில் என் போர் விமானம் இருபதாயிரம் அடியில் பறந்துகொண்டிருந்தது. இலக்கின் அட்சரேகை, தீர்க்கரேகையை அடித்துக் கொடுத்தால் குண்டு தானே தேடிப்போய் விழ வேண்டும். ஒரே அளவு தள்ளி விழுந்தாலாவது காற்றைக் குறை சொல்லலாம். ஒன்று நானூறு மீட்டர், அடுத்தது அறுபது. கேம்தான் சரியில்லை என்று எட்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். நிலம் அளப்பது என் தொழில். டிகிரி, மினிட், செகண்ட் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தப்பு என்னிடம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

தாஜுதீன் மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கிறான். இந்த விளையாட்டில் எனக்கு ஜோடி. ஹெட்போனில் அவன் குரல் சலித்துப்போயிருந்தது.

“மாப்ள, நீ அடிக்கிறத வாய்விட்டுப் படி.”

படித்தேன். “...முப்பது செகண்டு.”

“இந்த ஃபிளைட்ல செகண்டே கிடையாதுடா. மினிட்டு, அப்புறம் புள்ளி. அரை மினிட்டுன்னா புள்ளி அஞ்சு. நீ புள்ளி மூணு போட்டிருக்க.”

மாற்றி அடித்தேன். அடுத்த குண்டு பாலத்தின் நடுவில் விழுந்தது. தாஜுதீன் கத்தினான். எனக்கு மூக்கன் ஞாபகம் வந்தது.

மாசியில் தொட்டியத்தில் அவருடைய வாழைத்தோட்டத்தை அளந்தேன். நாலாவது மூலைக் கல்லுக்குப் போகும்போது ஜிபிஎஸ் கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இன்னொரு நாள் வந்திருக்கலாம். வெயிலுக்குச் சோம்பி, செல்போன் காட்டியதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு வாய்க்கால் வெட்டிய ஜேசிபி பழைய கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. என் நோட்டை வைத்து நானே புதுக் கல் நட்டேன்.

“கல்லு வேப்பமரத்துக்கு அந்தாண்ட இருந்துச்சுங்க சார்” என்றார் மூக்கன்.

“மெஷின் பொய் சொல்லாதுங்க” என்றேன்.

மறுவாரமே பக்கத்துத் தோட்டத்து ரெங்கராஜ் அந்தக் கல்லை வைத்துக் கம்பி வேலி போட்டு, தார் விட்டிருந்த வாழைகளை வெட்டிச் சாய்த்தார். மூக்கன் இரண்டு முறை என் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை மனைவி பொன்னுத்தாயும் கூட வந்திருந்தார். நான் வீட்டில் இல்லை என்று என் மனைவி பிரான்சியைச் சொல்லச் சொன்னேன்.

கம்ப்யூட்டரை விட்டு எழுந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். செல்போன் காட்டியது மினிட்டும் புள்ளியும். நான் அதைச் செகண்ட் என்று எழுதியிருந்தேன். புள்ளிக்குப் பின்னால் சின்ன எண்கள் என்பதால் கல் இருபத்தைந்து மீட்டர்தான் நகர்ந்திருந்தது. என் கையெழுத்துதான், அழகாகக் கூட இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

“என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?” என்றாள் பிரான்சி. சொன்னேன்.

“அந்தம்மா மூஞ்சியப் பாத்து நான்தானே பொய் சொன்னேன். நானும் வரேன்.”

நாங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. விஷயத்தைச் சொன்னதும் மூக்கன் வேலிக் கம்பியைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனார். வேப்பமரத்தைத் தாண்டி, ரெங்கராஜின் புதுக் கன்றுகளுக்கு நடுவே ஓரிடத்தில் நின்றார். நான் எண்ணைச் சரியாக அடித்து, கருவியைப் பிடித்தபடி நடந்தேன். அது என்னை அவர் காலுக்கு மூன்றடி தள்ளிக் கொண்டுபோய் விட்டது. பொன்னுத்தாய் வேலிக்கு வெளியிலேயே நின்றார். பிரான்சி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“ரெங்கராஜுக்கிட்ட யாருங்க சொல்றது?” என்றார் மூக்கன்.

“நான்தாங்க சொல்லணும்.”

சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருந்தது. கடைசி வரிசையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ரெங்கராஜ் எங்களைப் பார்த்துவிட்டார். மடையைக்கூட அடைக்காமல், மண்வெட்டியும் கையுமாக வரப்பில் வேகமாக நடந்து வந்தார். அவருக்கு முன்னால் தண்ணீர் வந்து, மூக்கன் நின்ற இடத்தை நனைத்து, என் செருப்புக்கடியில் புகுந்தது.