நோயாளி நாற்காலி

மாதக் கடைசி வந்துவிட்டால் சுகாதார நிலையத்து நர்ஸுக்கு ஒரே கவலை. ஊரில் நோயாளிகள் போதவில்லை.

வெளியே சொல்லிக்கொள்ள முடியாத கவலை. நிலையத்தின் இணைய இணைப்பு அரசு மானியத்தில் ஓடியது. அது இருந்ததால்தான் நகரத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் இங்கே உள்ளறைத் திரையில் வந்தார். மானியத்துக்கு ஒரு நிபந்தனை. மாதத்துக்கு இத்தனை மணி நேரம் டாக்டர் நோயாளிகளைத் திரையில் பார்த்திருக்க வேண்டும். குறைந்தால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும். இந்த ஊரோ சின்னது. எல்லோரும் ஒன்றுகூடி இருமினாலும் அந்தக் கணக்கு எட்டாது.

இணைப்பு வருவதற்கு முன்னால் ஒருத்தி நகரத்துக்குப் போகும் வழியிலேயே பிரசவித்துச் செத்துப்போனாள். நர்ஸ்தான் கூடப் போனாள். இணைப்பு வந்த பிறகு தபால்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் திரையிலிருந்தபடியே மருந்து சொன்னார். தபால்காரர் இன்றும் தபால் கொண்டுவருகிறார். அதனால் இந்த இணைப்பை எப்பாடுபட்டாவது காப்பாற்றுவது என்று நர்ஸ் முடிவு செய்திருந்தாள்.

வழி சொன்னவர் டாக்டர். "நோயாளி வரலைன்னா என்ன சிஸ்டர், லைனைப் போட்டு வெச்சிடுங்க. நான் பாட்டுக்கு வார்டுக்குப் போறேன், நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. மெஷினுக்கு என்ன தெரியப் போகுது?"

மெஷினுக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. நோயாளி நாற்காலியில் முகம் இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் அழைப்பைத் துண்டித்துவிடும். டாக்டர் நாற்காலிக்கு அந்தச் சோதனை இல்லை. டாக்டர் எழுந்து போகமாட்டார் என்று யாரோ நம்பியிருக்க வேண்டும்.

ஆகவே ஒரு முகம் தேவைப்பட்டது. நிலையத்தைப் பெருக்கித் துடைக்கும் ஆயம்மா உட்கார்ந்தாள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. விடிந்ததிலிருந்து குனிந்தே வேலை செய்கிறவளுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. டாக்டர் அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்திருந்தார். திரையில் வந்ததும், "மகாராணி வந்தாச்சா? அப்ப நான் உத்தரவு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். ஆயம்மா கொஞ்ச நேரம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தூங்கிவிடுவாள். தூங்கும் முகமும் மெஷினுக்கு முகம்தான்.

அன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். முன்னறை முழுக்கத் தாய்மார்கள். மாதக் கணக்கில் துண்டு விழுந்திருந்தது. காலையில் கதவைத் திறந்த கையோடு நர்ஸ் ஆயம்மாவை உள்ளே கூப்பிட்டாள்.

"இன்னைக்கு எனக்கு என்ன வியாதி சிஸ்டர்?"

"முழங்கால்."

"போன வாரமும் முழங்கால்தானே? மாத்தி எதாவது குடுங்க. பக்கத்து வீட்டுக்காரிக்கு இருக்கற மாதிரி சுகர் இருந்தா ஒரு கௌரவமா இருக்கும்."

"சுகர்னா ரத்தம் எடுத்துக் காட்டணும் அக்கா."

"அப்ப முழங்காலே இருக்கட்டும். பாவம், அதுவும் எங்க போகும்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே இணைப்பைப் போட்டாள். டாக்டர் வந்தார், உத்தரவு வாங்கிக்கொண்டார், வெள்ளைக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் போனார். குழந்தைகளின் அழுகை அங்கே கேட்காமலிருக்க நர்ஸ் ஒலியை அணைத்தாள். நோயாளி நாற்காலியில் ஆயம்மா உட்கார்ந்திருப்பதை ஊரார் பார்த்துவிடக் கூடாது. கதவைச் சாத்தினாள்.

ஊசி போடும் வேலை நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு தடவை கதவிலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். ஆயம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தூங்கட்டும் என்று நினைத்தாள்.

கடைசிக் குழந்தையும் அழுது முடித்துப் போன பிறகு டீயோடு உள்ளே வந்தாள்.

"எழுந்திருங்க அக்கா. கடையக் கட்டியாச்சு."

ஆயம்மா எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் கழுத்துவரை வழிந்து காய்ந்திருந்தது. வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. இடது கையால் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தாள். நர்ஸைப் பார்த்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எந்தச் சொல்லும் இல்லை.

நர்ஸ் அவளைத் தரையில் இறக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அது தூரத்திலிருந்து வர வேண்டும். பிறகு திரையைப் பார்த்து, "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிட்டாள். ஒலியை அணைத்தது தானே என்பது ஞாபகம் வர ஒரு நிமிடம் ஆயிற்று. ஒலியைப் போட்டும் பயனில்லை. அங்கே கோட்டு மட்டும் இருந்தது.

டாக்டரின் கைபேசிக்கு அடித்தாள். வார்டிலிருந்து ஓடிவந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"கேமராவக் கீழ திருப்புங்க. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க."

ஒரு கைதான் மேலே எழுந்தது.

"சிரிக்கச் சொல்லுங்க."

"அக்கா, சிரிங்க" என்றாள் நர்ஸ். ஆயம்மா பாதி முகத்தால் முயன்றாள். நர்ஸ் திரும்பிக்கொண்டாள்.

"பக்கவாதம். பிரஷர் பாருங்க."

நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்துவிட்டு அவிழ்த்து இன்னொரு தடவை சுற்றினாள். அதே எண்தான். சொன்னாள்.

"இவ்வளவா? முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"பாத்ததில்ல டாக்டர்."

"பாத்ததே இல்லையா? நம்மகிட்ட இந்தம்மா எத்தனை தடவை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

ஊரில் அந்தத் திரைக்கு முன்னால் அதிக நேரம் உட்கார்ந்தவள் ஆயம்மாதான். அவள் கையை யாரும் ஒரு தடவைகூடப் பிடித்துப் பார்க்கவில்லை.

"எப்ப ஆரம்பிச்சது?" என்றார் டாக்டர்.

"தெரியல."

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"காலைல. உக்கார வெச்சப்ப."

"அப்புறம் நீங்க பாக்கல?"

"ஒரு தடவை எட்டிப் பாத்தேன். தூங்கிட்டிருந்தாங்க."

"தூங்கிட்டா இருந்தாங்க?"

நர்ஸ் ஆயம்மாவின் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

மூளையின் அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடந்துபோனால் அதே ஊசி மூளைக்குள் ரத்தம் கசியவைக்கும். இது நர்ஸுக்கும் தெரியும். ஆயம்மாவுக்குக் காலையிலேயே வந்திருந்தால், ஆம்புலன்ஸ் வந்து நகரம் போய்ச் சேர்வதற்குள் நேரம் தாண்டிவிடும். சற்று முன்புதான் வந்தது என்றால் இன்னும் இருக்கிறது.

"ஒரு மணி நேரம் முன்னாடின்னு போட்டுக்கலாமா சிஸ்டர்?" டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

"அது சரியா இருந்தா?"

"எழுந்து நடக்கலாம்."

"தப்பா இருந்தா?"

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். "உயிரே போயிடலாம்."

நர்ஸ் தரையைப் பார்த்தாள். ஆயம்மா அவள் புடவை ஓரத்தை இடது கையால் பிடித்திருந்தாள்.

"அங்க பதிவாகுது இல்ல டாக்டர், நம்ம அழைப்பு எல்லாம்?"

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றே இருந்திருப்பார் போல.

"ஆகுது. ஆனா திறந்தா மேலிடத்துக்குத் தகவல் போகும். எதுக்குத் திறந்தோம்னு எழுதணும். அப்புறம் ஒண்ணொண்ணா எல்லாத்தையும் திறப்பாங்க. என் நாற்காலி காலியா இருக்கறதும் தெரியும். அத விடுங்க, என் தலையெழுத்து. உங்க ஊருக்கு லைன் போயிடும். நாளைக்கு இன்னொருத்தர் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வருவார். யோசிச்சுப் பாருங்க."

நர்ஸ் யோசித்தாள். வண்டியில் செத்தவளை யோசித்தாள், தபால்காரரை யோசித்தாள், இன்னும் பிறக்காத குழந்தைகளைக்கூட யோசித்தாள். புடவை ஓரம் இழுபட்டது. ஆயம்மா எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தாள்.

"திறங்க டாக்டர்."

"சிஸ்டர்..."

"குருட்டாம்போக்குல ஊசி போட வேண்டாம். திறங்க."

திறந்தார். நர்ஸுக்கும் தெரியும்படி திரையில் போட்டார். இடது பாதியில் இந்த அறை, வலது பாதியில் அவருடைய அறை. மூலையில் நேரம் ஓடியது. சத்தம் இல்லை.

ஆயம்மா உட்கார்ந்தாள். டாக்டர் எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது. ஆயம்மா கொட்டாவி விட்டாள். கொஞ்சம் கழித்து வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். இடது கையால் அதைத் தேய்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்தாள். வாய் அசைந்தது. இடது கையை உயர்த்தி, தெருவில் போகிறவரைக் கூப்பிடுவதைப் போல, வா வா என்று அசைத்தாள். எதிரே கோட்டு தொங்கியது. திரும்பவும் அசைத்தாள். தலை சாய்ந்தது.

நேரத்தைப் பார்த்தார்கள். காலைதான். நர்ஸ் முதல் குழந்தைக்குக்கூட ஊசி போட்டிருக்கமாட்டாள்.

டாக்டர் நிறுத்த மறந்துவிட்டார். படம் ஓடியது. அவள் முகத்தைச் சுற்றி மெஷின் போட்ட பச்சைக் கட்டம் அசையாமல் நின்றது. சிறிது நேரத்தில் வலது பாதியில் டாக்டர் வந்தார். நின்றபடியே எதிலோ கையெழுத்துப் போட்டார். திரையைப் பார்த்தார். புன்னகை செய்தார். போய்விட்டார். இடது பாதியில், நாற்காலிக்குப் பின்னால், கதவுக் கண்ணாடியில் ஒரு முகம் வந்தது. நர்ஸ் தன் முகத்தை அடையாளம் கண்டாள். அதுவும் போய்விட்டது.

"நிறுத்துங்க" என்றாள்.

அவர் நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"ஊசி முடியாது சிஸ்டர். பிரஷரை மெதுவா இறக்கலாம். மத்தது பாத்துக்கலாம். கூட்டிட்டு வாங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. நர்ஸ் கூடவே போனாள். வழி முழுக்க ஆயம்மாவின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

ஆயம்மா சாகவில்லை. வலது பக்கமும் பேச்சும் போயின. விசாரணைக்கு வந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். டாக்டரை இடம் மாற்றினார்கள். நர்ஸையும் மாற்றியிருப்பார்கள், இந்த ஊருக்கு வர வேறு ஆள் கிடைக்கவில்லை. மானியம் நின்றது. உள்ளறையில் திரை இருந்தது, கறுப்பாக.

ஒரு நாள் ஆயம்மாவின் மகள் வந்தாள். அம்மாவின் செருப்பும் சாப்பாட்டு டப்பாவும் நிலையத்திலேயே கிடந்தன. எடுத்துப் பையில் போட்டாள். போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். விசாரணைக்கு வந்தவங்க வீட்டுக்கும் வந்தாங்க. அம்மா மாசக்கணக்கா இங்க டாக்டர்கிட்ட காட்டிட்டிருந்ததா பதிவு இருக்காம். எங்ககிட்ட மூச்சு விடல. அவ்வளவு நாளா என்ன நோய் அவங்களுக்கு?"

"ஒரு நோயும் இல்லம்மா."

"நோய் இல்லாமலா காட்டினாங்க?"

"காட்டல. சும்மா உக்காந்தாங்க. லைன் போயிடக் கூடாதுன்னு நான்தான் உக்கார வெச்சேன்."

மகளுக்கு அது விளங்கவில்லை. நர்ஸ் மறுபடி சொன்னாள், முதலிலிருந்து, மானியத்தையும் மணிக்கணக்கையும் மெஷினையும். மகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப பிரஷர் இருந்தது?"

"இருந்திருக்கு. நான் பாக்கல."

"பாத்திருந்தா?"

"மாத்திரை குடுத்திருப்பேன். இங்கயே இருக்கு."

மகள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். நாற்காலி அங்கேயேதான் இருந்தது.

"வீட்ல அப்பா ஒண்ணு சொல்லி மனசத் தேத்திட்டிருக்காரு சிஸ்டர். வேற எங்கயாவது விழுந்திருந்தா கேக்க நாதி இல்ல, நல்லவேளை பெரிய டாக்டர் பாத்துக்கிட்டு இருக்கும்போதே வந்துச்சுன்னு." அவள் நிறுத்தினாள். "அதுவாவது நிஜம்தானே?"

முன்னறையில் யாரோ இருமினார்கள். ஆமாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"இல்லம்மா" என்றாள் நர்ஸ். "கூப்பிட்டாங்க. கையத் தூக்கிக் கூப்பிட்டாங்க. யாரும் பாக்கல."

பையிலிருந்து ஒரு செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. நர்ஸ் எடுக்கக் குனிந்தாள். மகள் அதற்குள் குனிந்து தானே எடுத்துக்கொண்டாள்.